ஒட்டாவாவிலிருந்து அப்பாவுக்கு

ஒட்டாவா,
பிப்ரவரி

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். தாங்களும் அம்மாவும் அப்பத்தாவும் தங்கச்சி வீட்டாரும் நலமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். தங்கள் கடிதம் தை பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம், வேறொன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுத் துப்பாக்கிக்காரரைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. அவர் எழுபதைத் தாண்டியவர், தனியாள். வேட்டைக்குப் போகிறவர் அல்லர். 900 மீட்டருக்கு அப்பால் நிறுத்திய தாள் இலக்கைச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். நகருக்கு மேற்கே, ஆற்றங்கரையை ஒட்டி, கொனாட் என்ற பெரிய சுடுதளம் இருக்கிறது. கண் மங்கிய மூத்தவர்களும் போட்டியை விட்டுவிடக் கூடாது என்று, துப்பாக்கிக்குத் தொலைநோக்கியும் தாங்கியும் பொருத்திக்கொள்ள இடம் கொடுத்து, ஜார்ஜ் ஃபார்குவர்சன் என்ற கனடாக்காரர் உண்டாக்கிய ‘எஃப் கிளாஸ்’ என்ற பிரிவில்தான் இவர் சுடுகிறார். அதன் முதல் உலகப் போட்டி 2002இல் இதே தளத்தில் நடந்தது. அதைச் சொல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை.

இப்போது மைனஸ் 20 டிகிரி குளிர். மூக்குக்குள் இருக்கும் ஈரம்கூட உறைந்துவிடுகிறது. பனிக்காலம் முழுவதும் அவர் வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து, கோடைப் போட்டிக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே தயாரிக்கிறார். வேலை முடிந்த மாலைகளில் நானும் அங்கே போய்விடுகிறேன், அவருடைய ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. என் அறையில் நான் அதைக் குறைத்தே வைப்பது, அப்படித் தூங்கினால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்காக.

அவர் செய்வதைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். சுட்ட பித்தளைக் கூடுகளை அவர் எறிவதில்லை. வெடித்த அழுத்தத்தில் உப்பியிருக்கும் கூட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். சுடச்சுடப் பித்தளை இறுகிப்போகும் என்பதால், கழுத்தை மட்டும் சில வினாடி நெருப்பில் வாட்டி இளக்குகிறார். பிறகு நீளத்தைச் சீவி, அடியில் பிரைமர் என்ற, தட்டினால் தீப்பொறி கக்கும் சின்ன மூடியைப் பதித்து, வெடிமருந்தை நிறுக்கிறார். அவர்கள் கணக்கில் ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம், அரைக் குன்றிமணி எடை. அவர் தராசு அதிலும் ஐம்பதில் ஒரு பங்கைக் காட்டும். நேற்று அதில் எண் ஒன்று கூடுதலாகத் தெரிந்ததும், மூச்சை அடக்கிக்கொண்டு, சாமணத்தால் ஒரே ஒரு மருந்துத் துண்டை எடுத்துவிட்டார். எண் இறங்கிய பிறகே அதைக் கூட்டில் கொட்டிக் குண்டைச் செருகினார்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று நானும் கேட்டேன். குண்டு புறப்படும் வேகம் வினாடிக்கு மூன்று மீட்டர் மாறினால்கூட, அவ்வளவு தொலைவில் அது இரண்டு மூன்று அங்குலம் ஏறியோ இறங்கியோ விழுமாம். முழு மதிப்பெண் வட்டமோ ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். காற்றை எவராலும் நிறுத்த முடியாது, மருந்தையாவது ஒரே அளவாக வைக்கலாமே என்கிறார். கூடுகளைத் துடைப்பதும் அளந்து பிரிப்பதும் என் பொறுப்பு. துப்பாக்கியை நான் தொடுவதில்லை. துப்பாக்கி வைத்திருக்க இங்கே உரிமம் வேண்டும், அவர் அதைப் பெட்டியில் பூட்டியே வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லவும்.

அந்த மேசையில் ஒரு சமயத்தில் ஒரு டப்பா மருந்துதான் இருக்கும். இரண்டு வகை கலந்துவிட்டால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு அவர் நேராகப் போவதே இல்லை. கீழிருந்து படிப்படியாகத்தான் ஏறுகிறார். வேலை நடக்கும்போது வானொலி இல்லை, பேச்சில்லை. மீந்த மருந்து அன்றைக்கே அதன் டப்பாவுக்குத் திரும்பிவிடும். மாலை மணி அடித்தால் நம் பட்டாசு ஆலையின் கலவை அறையில் ஒரு சிட்டிகை இருக்கக் கூடாது என்று தாங்கள் போர்மேனிடம் கத்துவீர்களே, அதேதான்.

ஆனால் இது நம் மருந்து இல்லை அப்பா. வெடியுப்பும் கரியும் கந்தகமும் இதில் கிடையாது. நைட்ரோசெல்லுலோஸைக் கம்பியாக இழுத்து நறுக்கி, பென்சில் கரி பூசிய சின்னஞ்சிறு துண்டுகள். புகையும் மிகக் குறைவு. முதல்முறை டப்பாவைத் திறந்தபோது நான் என்னையறியாமல் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஏதோ ஸ்பிரிட் வாடைதான் வந்தது. தங்கள் சட்டையிலும், சோறு பிசைந்து தரும் அம்மாவின் விரலிலும் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அந்தக் கந்தக வாடைக்காக நான் எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

இனி தாங்கள் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். ஆலையின் கடைசி இரண்டு அறைகளையும் வெளியாளுக்கு உள்குத்தகை விடலாம் என்று சித்தப்பா சொல்வதற்குத் தயவுசெய்து சம்மதிக்க வேண்டாம். நாக்பூர் வெடிபொருள் அலுவலகம் கொடுத்த உரிமம் தங்கள் பெயரில் இருக்கிறது. குத்தகைக்காரர் நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்காரவைத்தாலும், மரத்தடியில் மருந்து செலுத்தச் சொன்னாலும், உச்ச நீதிமன்றம் 2018இல் தடுத்த பிறகும் பச்சை உப்பை, அதாவது பேரியத்தை, ஒளித்துக் கொண்டுவந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள்தான். அதற்குமேல், உள்ளே உட்காரப்போவது நம் தெருப் பெண்கள். இந்தப் பருவத்துக்கு அறைகள் பூட்டியே கிடந்தாலும் பரவாயில்லை. நான் இப்படி எழுதியிருக்கிறேன் என்று சித்தப்பாவிடம் வாசித்தே காட்டலாம். கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

வங்கி மாற்றிக்கொண்டிருப்பதால் இம்மாதப் பணம் அடுத்த மாதத்துப் பணத்தோடு சேர்ந்து வரும். அதுவரை கடைக்காரரிடம் வட்டிக்கு மட்டும் தவணை கேட்டுப் பார்க்கவும். தங்கச்சியின் வளையலை அடகு வைத்துச் சித்தப்பாவுக்குக் கொடுத்ததாகச் சின்ன அத்தை சொன்னார்கள். உண்மையானால், ரசீது யார் கையில் இருக்கிறது, மீட்க எவ்வளவு ஆகும் என்று மறைக்காமல் எழுதவும். மாப்பிள்ளைக்கு இது தெரியுமா என்பதையும் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் மகன்