அந்த கார்டை எடுத்துவிடு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய மௌனப்படக் கதையை நாலு தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். போனில் இரண்டு நிமிஷம் பேசாத பிள்ளை இருபது பக்கம் எழுதியிருக்கிறாயே!

போக்கிடமில்லாத பெண்ணைக் காப்பாற்ற ஒருவன் கட்டிக்கொள்கிறான், பிறகு அன்பு வருகிறது. அந்தக் காலத்திலேயே பழகிய கதைதான். ஆனால் நன்றாக எடுத்தவர்கள் அவள் வெளியே போக ஒரு வழி வைத்தார்கள். ‘செவன்த் ஹெவன்’ (1927) படத்தில் போலீஸ் பிடிக்காமல் இருக்க, சீக்கோ, டயான் என்ற பெண்ணைத் தன் மனைவி என்று சொல்லிவிடுகிறான். போலீஸ் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் வரைதான் அந்தப் பொய்க்கு ஆயுள். அதற்குப் பிறகும் அவள் அங்கே இருப்பதில்தான் காதல் இருக்கிறது. ‘தி விண்ட்’ (1928) படத்தில் லைஜ் தான் கட்டிக்கொண்ட பெண்ணிடம், இனி உன்னைத் தொடமாட்டேன், ஊருக்குத் திருப்பி அனுப்பப் பணம் சேர்க்கிறேன் என்கிறான். உன் கதையில் அவளுக்கு அப்படி ஒரு வழியே இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் காதல் என்கிறாய்.

ஏழாம் காட்சியில் ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று வசனத்தைத் திரையில் எழுதிக் காட்டும் கார்டை எடுத்துவிடு. ‘செவன்த் ஹெவன்’ படத்தில் டயான் சீக்கோவின் கோட்டின் கையை எடுத்துத் தன்மேல் சுற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். ‘தி விண்ட்’ படத்தின் கல்யாண ராத்திரியில் கால்களைப் பார். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் நடக்கிறாள், அந்தப் பக்கம் அவன் நடக்கிறான். அதற்கு மேல் அங்கே என்ன எழுதுவது?

வேகத்தில் கவனம். நொடிக்கு 16 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால், அவள் கை 3 நொடி தயங்கி நீள்வது 2 நொடியில் முடிந்துவிடும். தயக்கம் போய் அவசரம் வந்துவிடும். 35 மி.மீ. படச்சுருள் 1000 அடி, 16இல் பதினாறு நிமிஷத்துக்கு மேல் ஓடும், 24இல் பதினொன்றுதான். விளக்கு எரியும்போது அம்பர் நிறம் ஏற்று, அணைத்ததும் நீலத்துக்கு மாற்று. பழைய ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, உதட்டுச்சாயம் கறுப்பாக விழும். அந்தக் காலத்துத் தோற்றம் வேண்டுமென்றால் இதையும் யோசி. அந்த கார்டை மட்டும் எடுத்துவிடு.

கயல், உனக்கு வரன் பார்த்தபோது நான் பாதுகாப்பு ஒன்றைத்தான் பார்த்தேன். நிலையான வேலை, நல்ல குடும்பம், எனக்குப் பிறகு நீ தனியாக நிற்கக்கூடாது. உன் சம்மதம் கேட்டுத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்கவில்லை. தேதியைத்தான் சொன்னேன். நீ தலையாட்டினாய், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கதைக்கு வருகிறேன். உன் கதையிலும் அவன் பணம் சேர்த்து, அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகட்டும். காமிரா பணத்தின்மேலேயே நிற்கட்டும், அவசரப்பட்டு வெட்டாதே. அவள் எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் கதை கெட்டுப்போகாது. மாற்றி எழுதியதை அனுப்பு, நேரம் கிடைக்கும்போது போதும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா