அந்த இரண்டு நாளில் ஒரு நாள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாரா? இங்கே எல்லோரும் சுகம். பேத்தி எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிறாள். இந்தத் தாளின் ஓரத்தில் இருக்கும் 'செ' அவள் உனக்காக எழுதியது.

ஜூன் மாதம் லண்டனில் நான்கு நாள், அப்புறம் என்னிடம் இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு நாளில் ஒன்றை டார்செஸ்டருக்குக் கொடுத்துவிடு. இங்கே தெற்கே அதே பெயரில் பெரிய ஊர் ஒன்று உண்டு, நான் சொல்வது அது இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே, தேம் என்கிற சின்ன ஆறு தேம்ஸோடு வந்து சேரும் இடத்தில் இருக்கும் கிராமம். ஒரே ஒரு கடைத்தெரு, மரச்சட்டம் போட்ட பழைய சத்திரங்கள், அவ்வளவுதான் ஊர். ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் நின்று போன தெரு அது. பைபாஸ் வந்தபிறகு நடுத்தெருவில் நின்று பேசலாம் போல அமைதியாகிவிட்டது.

இவ்வளவு சின்ன ஊருக்குள் எவ்வளவு பெரிய சர்ச் என்று முதல் தடவை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 635-ஆம் ஆண்டில் பிரினஸ் என்ற பாதிரியார் மேற்குச் சாக்சன் அரசன் சினகில்ஸுக்கு இங்கேதான் ஞானஸ்நானம் கொடுத்தார். வடக்கே நார்தம்பிரியாவின் அரசன் ஆஸ்வால்ட் அவனுக்கு ஞானத் தந்தையாக நின்றான். அதிலிருந்து இது பிஷப் இருக்கும் ஊரானது. நார்மன்கள் வந்தபிறகு 1072-இல் அந்தப் பதவியை லிங்கன் நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஊரும் கிராமமாகச் சுருங்கிவிட்டது. பிறகு அதே இடத்தில் துறவிகளின் மடம் வந்தது. இப்போது நாம் பார்ப்பது அந்த மடத்தின் சர்ச்.

எட்டாம் ஹென்றி 1536-இல் மடங்களை மூடியபோது இதையும் மூடினார்கள். அப்படி மூடிய மடங்களில் பலவற்றின் கூரை ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு, கல்லையும் பெயர்த்து விற்றுவிட்டார்கள், செல்வி. இங்கே உள்ளூர்க்காரர் ரிச்சர்ட் போஃபாரஸ்ட் என்பவர் 140 பவுண்டு கொடுத்து சர்ச்சின் கிழக்குப் பகுதியை வாங்கி, தன் உயிலில் ஊருக்கே எழுதி வைத்தார். 140 பவுண்டு அந்தக் காலத்தில் சின்னத் தொகை இல்லை. அந்த மனிதரை நினைக்காமல் என்னால் அந்த வாசலுக்குள் போக முடிவதில்லை.

உள்ளே மூன்றை மட்டும் நிதானமாகப் பார். வடக்குச் சுவரில் ஈசாயின் சன்னல். தாவீது ராஜாவின் தகப்பன் ஈசாய் கீழே படுத்திருக்க, அவரிடமிருந்து ஒரு மரம் முளைத்து எழுகிறது. சன்னலின் கல் சட்டமே கிளைகளாக வளைந்து போகிறது, கிளைகளில் கல்லில் செதுக்கிய உருவங்கள், இடையில் வண்ணக் கண்ணாடி. சிற்பமும் சன்னலும் ஒன்றாகிப்போன இப்படி ஒரு வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடுத்தது, 12-ஆம் நூற்றாண்டில் ஈயத்தில் வார்த்த ஞானஸ்நானத் தொட்டி, சுற்றிலும் வளைவுகளுக்குள் அப்போஸ்தலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஈயத்துக்காகவே எத்தனையோ சர்ச்சுகளைப் பிரித்த காலத்தில் இது உருகாமல் தப்பியிருக்கிறது. மூன்றாவது, தரையில் ஒரு கல்லறைக் கல். சாரா ஃபிளெட்சர் என்ற பெண், 1799-இல் 29 வயதுகூட நிறையாமல் இறந்தவள். அவளுடைய நரம்புகள் இந்த உலகத்தின் முரட்டுத்தனத்தைத் தாங்க முடியாத அளவுக்கு மென்மையானவை, அதனால் ஒடிந்துபோனாள் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் துயரத்தை மறைக்காமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களே என்று அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

பக்கத்திலேயே மடத்தின் பழைய விருந்தினர் கட்டிடம், பிறகு பள்ளிக்கூடமாக இருந்து இப்போது அருங்காட்சியகம். சின்னது, அரைமணி நேரம் போதும்.

மத்தியானத்துக்கு மேல் ஆற்றுப் பக்கம் நடப்போம். வழியில் புல் மூடிய இரண்டு மண்கரைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, நடுவில் அகழி. டைக் ஹில்ஸ் என்கிறார்கள். ரோமர்கள் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள், மற்ற பக்கங்களில் இரண்டு ஆறுகளும் காவல் இருக்க, திறந்த பக்கத்தை இப்படி அடைத்து ஊர் கட்டியிருக்கிறார்கள். 1870 வாக்கில் உழவுக்காக இந்தக் கரைகளை வெட்டிச் சமப்படுத்த ஆரம்பித்திருக்கிறார்கள். பிற்பாடு பிட் ரிவர்ஸ் என்று பெயர் பெற்ற தொல்லியல் அறிஞர் அதைப் பார்த்துப் பொறுக்காமல் குரல் கொடுத்தார். அந்தச் சர்ச்சையும் சேர்ந்துதான் 1882-இல் பழஞ்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டத்துக்கு வழி செய்தது. அந்தச் சட்டத்தின் முதல் ஆய்வாளராக அவரையே நியமித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஊருக்கு வடக்கே கற்காலத்தில் தோண்டிய பெரிய வட்டப் பள்ளங்களும், ஒரு மைலுக்கு நீண்ட இணைகோட்டுப் பள்ளங்களும் இருந்தன. 1930களில் ஜார்ஜ் ஆலன் என்பவர் தன் விமானத்திலிருந்து மூடிப்போன பள்ளங்களுக்கு மேல் தெரிந்த பயிரின் நிற வித்தியாசத்தை வைத்து இந்தப் பகுதியைப் படமெடுத்தார். போருக்குப் பிறகு சரளைக் கல் தோண்ட வந்தார்கள். ஆட்கின்சன் என்ற ஆய்வாளர் முடிந்தவரை முன்னால் ஓடி அகழ்ந்து பதிவு செய்தார், மீதி போய்விட்டது. அங்கே இப்போது ஏரி. வாத்துகள் நீந்துகிறதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கிறது.

டேஸ் லாக் மதகைத் தாண்டிப் பாலம் ஏறினால் எதிரே விட்டன்ஹம் குன்றுகள். இரண்டு குன்று, உச்சியில் 1740களில் நட்ட பீச் மரத் தோப்பு. அதில் ஒரு மரத்தில் ஜோசஃப் டப் என்பவர் 1844-45-இல் அங்கிருந்து தெரிகிற காட்சிகளைப் பற்றி ஒரு கவிதையையே செதுக்கினார். மரம் பட்டுப்போய் 2012-இல் விழுந்துவிட்டது. நல்லவேளை, எழுத்து அழிவதற்குள் யாரோ படியெடுத்து வைத்திருந்தார்கள், அதைப் பொறித்த கல் ஒன்று அருகிலேயே நிற்கிறது. மேலே நின்றால் இரண்டு ஆறும் சேருகிற இடம், சர்ச், மண்கரைகள், அந்த ஏரி எல்லாம் ஒரே பார்வையில் வரும். டார்செஸ்டருக்கு மேலே தேம்ஸை ஐசிஸ் என்று சொல்லும் வழக்கமும் உண்டு, தேமும் ஐசிஸும் கூடித்தான் தேம்ஸ் என்பார்கள்.

அண்ணனால் குன்று ஏற முடியாவிட்டால் மதகுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் போய்வரலாம். மதகுக்குள் தண்ணீரோடு படகுகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார், பொழுது போவதே தெரியாது. ஜூனிலும் புல் ஈரமாகத்தான் இருக்கும், செருப்போடு வராதே. டிக்கெட் தேதி உறுதியானதும் எழுது, முடிந்தால் சனிக்கிழமை சேருகிற மாதிரி போடு.

என்றும் உன்,
வள்ளி