இருவகைக் கட்சிக்காரர்

சிவமயம்
தேவகோட்டை

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம்.

சட்டமன்றத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றும், ஒருமுறை நின்றுவிட்டால் பிற்காலத்தில் நீதிபதியாகும் வழி அடைபட்டுவிடும் என்று உன் சீனியர் எச்சரித்ததாகவும் தொலைபேசியில் சொன்னாய். வளவு ஓடு மாற்றக் கொத்தனார் வந்து நின்றதால் அன்று பேச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

கோர்ட்டுக்குள் கட்சிக்காரர் என்றால் வழக்காடுபவர். வெளியே வந்தால் கொடி பிடிப்பவர். இருவகையினரோடும் பழகிவிட்டு நீதிபதியானவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்து, நம் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்திலும் படித்து, தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-இல் ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்த காலமாதலால், 1952-இல் கூத்துப்பறம்பில் சுயேச்சையாக வென்று நம் சென்னைச் சட்டமன்றத்தில்தான் உட்கார்ந்தார். 1957-இல் கேரளத்தில் அமைச்சரானபோது அவருக்குக் கிடைத்த துறைகளில் சிறைத்துறையும் ஒன்று! 1959-இல் ஆட்சி கலைக்கப்பட்டதும் மறுபடி கறுப்புக் கோட்டுக்கே திரும்பினார். 1965-இல் தேர்தலில் தோற்றார். 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

1973-இல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் வந்தபோது, உன் சீனியர் சொல்லும் அதே காரணத்தைச் சொல்லிப் பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி, தம் கணிப்பு தவறு என்று பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

1975 ஜூனில், பிரதமர் இந்திரா காந்தி தேர்தலில் வென்றது செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுமுறைக்கால நீதிபதியாக கிருஷ்ணய்யர் தனியே அமர்ந்திருக்க, அந்தத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்டு இந்திராவுக்காக வழக்கறிஞர் பல்கிவாலா வாதாடினார். தம்மை அந்த நாற்காலியில் அமர்த்திய அரசின் தலைவருக்கே, பதவியில் நீடிக்கலாம், அவைக்குச் செல்லலாம், ஆனால் உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது என்று ஜூன் 24 அன்று நிபந்தனையோடுதான் தடை கொடுத்தார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

எல்லோரும் அந்த உத்தரவைப் பேசுவார்கள். முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எனக்குப் பெரிதாகத் தெரிவது 1978-இல் வந்த மோதிராம் வழக்குதான். மோதிராம் ஒரு கொத்தனார். மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி உறவில் வந்த ஜாமீன்தாரரையும் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று தள்ளிவிட்டார். கிருஷ்ணய்யர் அதை ரத்து செய்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். நான் பார்த்த ஒரு கோர்ட் வராந்தாவில், மஞ்சள் பையிலிருந்து வரி ரசீதை எடுத்து நீட்டிய ஒரு பெரியவரை, ரசீது இறந்துபோன தகப்பனார் பெயரில் இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார்கள். அவர் ரசீதை நான்காக மடித்து, பையில் வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தார். வாக்குக் கேட்டு அப்படிப்பட்டவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவருக்குத்தான் அந்தத் தீர்ப்பை எழுத வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே, நிற்பதும் நிற்காததும் உன் விருப்பம்; சீனியர் சொன்ன காரணத்துக்காக மட்டும் பின்வாங்காதே. மோதிராம் தீர்ப்பின் நகல் பெட்டகத்தில் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். அவருடைய ஆங்கிலம் சற்றுக் கடுமை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

இப்படிக்கு,
அப்பச்சி