புதுக் குஞ்சுகளை வந்த அன்றே கூட்டில் விட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில் ஏழைப் பெண்களுக்கு வழங்கும் அரசுத் திட்டத்தாலும், வண்டியில் கொண்டுவந்து விற்பவர்களாலும் கிராமத்து வீடுகளுக்குக் குஞ்சுகள் நிறையவே வந்து சேர்கின்றன. தீனியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சொல்லித் தருகிறார்கள். ஆனால், வாசலில் ஏற்கெனவே மேயும் கோழிகளோடு புதியவற்றை எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வண்டிக்காரரிடம் வாங்கிய பத்துக் குஞ்சுகளை அன்று மாலையே பழைய கூட்டில் அடைத்தேன். விடிந்து திறந்தபோது இரண்டு குஞ்சுகள் உச்சந்தலைத் தோல் உரிந்து மூலையில் செத்துக் கிடந்தன. இன்னொன்றின் வாலடியில் கசிந்த ரத்தத்தையே குறிவைத்து ஒரு பெட்டை விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. அடுத்த வாரத்தில் பெரிய கோழிகளும் பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகி, ஒவ்வொன்றாக விழுந்தன. அடைகாத்துக்கொண்டிருந்த கோழியும் போய்விட்டது.

எந்தக் கோழி முதலில் தின்பது, எது எங்கே அடைவது என்று கூட்டத்துக்குள் ஒரு வரிசை உண்டு. தாயின் துணையில்லாமல் திடீரென நுழையும் குஞ்சை அவை அடித்து விரட்டத்தான் செய்யும். நோயும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். அதனால் இப்போது புதிய குஞ்சுகளை முதல் மூன்று வாரம் வீட்டின் மறுபுறத்தில் தனியாக வைத்து, பழைய கோழிகளைக் கவனித்த கையோடு அங்கே போகாமல், குஞ்சுகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டே மற்றவற்றிடம் போகிறேன். நோய் ஏதும் தெரியவில்லை என்றால், பிறகு பகலில் முற்றத்திலேயே பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையில் கவிழ்க்கிறேன். மூங்கில் இடைவெளி வழியே இரு பக்கமும் பார்த்துப் பழகும், கொத்த முடியாது. பத்துப் பன்னிரண்டு வாரமாகி உடல் தேறிய பிறகு, ஒற்றையாக விடாமல் நாலைந்தாகச் சேர்த்து, இருட்டிய பின் கூட்டில் விடுகிறேன். மறுநாள் இரண்டு மூன்று இடங்களில் தீனியும் தண்ணீரும் வைத்து, சிறியவை மட்டும் நுழைந்து ஒளியும்படி பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, முட்டையிடும் கோழிகளுக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைக்கிறேன்.

கழுத்தைத் திருகவைக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு (கோழிக்கழிச்சல் என்பதும் இதுவே) முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாவது வாரத்தில் இறக்கை ஊசியும் குஞ்சுகளுக்கு உண்டு. பழைய கோழிகளுக்கோ பல வீடுகளில் எதுவுமே போடுவதில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைப் பலர் தவறவிடுகிறார்கள்.

ஆகவே, குஞ்சு வழங்கும் நாளில் ஒவ்வொருவரிடமும் வீட்டில் கோழி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அவற்றுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடவும், சேர்க்கும் முறையை அரைப்பக்கத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கவும் கால்நடை பராமரிப்புத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்க்கும் ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்.