பழைய டிவி கேம் ஆர்வலர் சங்கம்: 2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். உறுப்பினர் எண்ணிக்கை 41-லிருந்து 46 ஆகியிருக்கிறது. இரண்டாம் ஞாயிறுதோறும் கூடும் விளையாட்டுக் கூட்டம் பதினொரு முறை நடந்தது. நவம்பரில் மழையால் விட்டுப்போனது. செயற்குழு நான்கு முறை கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன, வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம். உழைப்பில் பெரும்பங்கு பழுது பார்க்கும் மேசைக்கே போனதால், இந்த அறிக்கையும் அங்கேயே கொஞ்சம் அதிக நேரம் நிற்கும்.

அடாப்டர் விவகாரம்

மேசைக்கு வந்த டிவி கேம்கள் 19. அதில் 11 தப்பான அடாப்டரால் வந்தவை. வயதாகிப் படுத்தவை மூன்றே மூன்று. பரணில் வருடக்கணக்காகத் தூங்கிய பெட்டியை ஆசையாக இறக்கி, வீட்டில் கிடந்த ஏதோ ஒரு அடாப்டரைச் செருகிய அந்த ஒரு நிமிடத்தில்தான் பெரும்பாலானவை போயிருக்கின்றன.

1983-இல் ஜப்பானில் வெளியான நின்டென்டோவின் ஃபாமிகாம் 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர் கேட்கும். பிளக்கின் நடுக்குழி நெகட்டிவ், வெளி உலோகம் பாசிட்டிவ். தொண்ணூறுகளில் நம் கடைகளில் விற்ற டிவி கேம்கள் அதன் நகல்கள் என்பதால், பெரும்பாலும் அதே வழக்கம்தான்: 9 வோல்ட், நடு நெகட்டிவ். இன்று வீடுகளில் சும்மா கிடக்கும் செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர் அடாப்டர்களோ அநேகமாக 12 வோல்ட், நடு பாசிட்டிவ். பிளக் அளவு ஒத்துப்போவதால் தடையில்லாமல் உள்ளே போய்விடுகிறது. மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்ததும் நுழைவாயிலில் இருக்கும் கெபாசிட்டர் சூடாகி உப்பும். அடுத்தது, வரும் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர். நல்ல நேரமாக இருந்தால் சேதம் அதோடு நிற்கும்.

துருவம் சரியாக அமைந்து, வோல்ட் மட்டும் 12 ஆக இருந்தால் மெஷின் ஓடும். ஏமாறுவது அங்கேதான். 7805 எவ்வளவு வந்தாலும் 5 வோல்ட்டை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வெப்பமாகக் கழிக்கும். மெஷின் 0.4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 9 வோல்ட்டில் 1.6 வாட் வெப்பம்; 12 வோல்ட்டில் 2.8 வாட். பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகடு இதைத் தாங்காது. ரெகுலேட்டர் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி எழும். "நாலாவது ஸ்டேஜ் வந்தா ஹேங் ஆகுது, கேசட்தான் கோளாறு" என்று வந்த மூன்று பெட்டிகளும் இந்த ரகம். கேசட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எனவே மேசையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பிளக்கின் குழிக்குள்ளும், கறுப்பை வெளி உலோகத்திலும் வைக்க வேண்டும். நடு நெகட்டிவ் என்றால் எண்ணுக்கு முன் மைனஸ் குறி வரும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய 9 வோல்ட் அடாப்டர், சுமை இல்லாதபோது 12, 13 என்று காட்டும். அது இயல்புதான், தூக்கிப் போடாதீர்கள். பிறகு பெட்டியைத் திறந்து 7805-இன் வெளிவரும் காலை அளந்தால் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். படத்தில் அகலமான பட்டை ஒன்று மெல்ல ஏறிக்கொண்டே இருந்தால் நுழைவுக் கெபாசிட்டர் காய்ந்திருக்கும். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ஒன்றை மாற்றினால் சரியாகும். சரிசெய்து அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் பாசிட்டிவ் வழியில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைத் தொடராக வைத்துவிடுகிறோம். அதில் 0.7 வோல்ட் குறையும். 7805-க்கு 7 வோல்ட் வந்தாலே போதும் என்பதால் 9 வோல்ட் அடாப்டருக்கு இது பாதகமில்லை. ஓரிரு ரூபாய்ப் பொருள், இனி யார் எதைத் தலைகீழாகச் செருகினாலும் பெட்டி பிழைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இப்போது விற்கும் சின்ன வகை மெஷின்களில் மொத்தச் சுற்றும் ஒரு கறுப்புப் பசைப் பொட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சிலவற்றில் ரெகுலேட்டரே கிடையாது, 5 வோல்ட்டை நேராக எடுத்துக்கொள்ளும். அதில் 9 வோல்ட்டைக் கொடுத்தால் பொட்டு போச்சு. அதை மாற்ற வழியில்லை. இப்படி இரண்டு வந்தன, இரண்டையும் உதிரிபாகப் பெட்டியில் போட்டோம்.

கேசட், ரிமோட்

கேசட்டை ஊதுவது பற்றி இந்த ஆண்டும் வாக்குவாதம் நடந்தது. ஊதிவிட்டுப் போட்டால் ஓடுகிறதே என்பது வாதம். கழற்றி மறுபடி செருகும்போது பின் வேறு இடத்தில் உரசிப் பதிவதால்தான் ஓடுகிறது. ஊதாமல் அதையே செய்தாலும் ஓடும். வாயிலிருந்து போகும் ஈரம் செம்பில் பச்சை பிடிக்கத்தான் உதவும். முறை இதுதான்: 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, 60 பின்களையும் இரு பக்கமும் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். பஞ்சு கறுப்பது நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றிச் செய்து, ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். அப்படியும் போகாத கறைக்கு வெள்ளை ரப்பர், அதுவும் லேசாக. உப்புத்தாள் கூடவே கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் அந்தக் கேசட் ஒரு மழைக்காலம் தாங்காது.

மெஷின் பக்கத்து வாயைச் சுத்தம் செய்யக் குச்சியை உள்ளே விடாதீர்கள், நார் சிக்கிக்கொள்ளும். வீணான கேசட் ஒன்றின் முனையில் மெல்லிய துணியைச் சுற்றி, ஆல்கஹால் தொட்டு, மின்சாரம் இல்லாத நிலையில் பத்து முறை செருகி எடுத்தால் போதும். நோய் எங்கே என்பதையும் திரையே சொல்லும். ஒரே நிறமாக நின்றால் நிரல் படிக்கும் பின்கள் தொடவில்லை. பாட்டு ஓடுகிறது, ஆட்டமும் நடக்கிறது, படம் மட்டும் துண்டுதுண்டாகக் கலைந்திருக்கிறது என்றால் படச் சிப்பின் பின்கள்.

ரிமோட்டில், அதாவது கையில் பிடித்து ஆடும் பட்டன் பெட்டியில், ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாவிட்டால் அடியிலுள்ள கார்பன் ரப்பரைத் துடைத்தால் சரியாகும். எல்லாப் பட்டனும் செத்திருந்தால் வயர். பெரும்பாலும் ரிமோட்டின் வாயிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் உடைந்திருக்கும். வெட்டிச் சுருக்கிப் பற்றவைக்கலாம். ஐந்து வயர்கள்தான், ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வெட்டும் முன் குறித்துக்கொள்ளவும். சேகா மெகா டிரைவ் என்ற வேறு மெஷினின் 9 பின் ரிமோட் நம் டிவி கேமில் அழகாகப் பொருந்தும், வேலை செய்யாது. யாரும் வாங்கி ஏமாற வேண்டாம்.

கையடக்க மெஷினான கேம் பாய் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: போகிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் கடிகாரமும் ஓடுவதால் உள்ளிருக்கும் சிஆர்2025 பேட்டரி மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீரும். பேட்டரியைக் கழற்றினால் சேமித்த ஆட்டம் அழியும். ஆகவே முதலில் கணினிக்கு நகல் எடுத்துவிட்டு மேசைக்கு வாருங்கள்.

டிவி

சங்கத்திடம் இருக்கும் இரண்டு பிக்சர் டியூப் டிவிகளையும் இடம் அடைக்கிறது என்று காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றொரு யோசனை ஜூனில் வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. வாத்து சுடும் கேமான டக் ஹன்ட்டின் துப்பாக்கி ஒன்றே அதற்குப் போதுமான காரணம். விசையை இழுத்ததும் திரை ஒரு ஃபிரேம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கி முனையிலுள்ள சென்சார் முதலில் இருட்டையும் உடனே வெளிச்சத்தையும் பார்த்தால்தான் வாத்து விழும். ஒரு ஃபிரேம் என்பது நம் 50 ஹெர்ட்ஸ் டிவியில் 20 மில்லிசெகண்ட். எல்இடி டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது. தவிர, பிக்சர் டியூபின் கோடுகோடான மினுக்கலுக்கு ஏற்றபடிதான் துப்பாக்கிச் சுற்றே அமைக்கப்பட்டது. என்ன கன்வெர்ட்டர் போட்டாலும் நடக்காது.

துப்பாக்கி இல்லாத கேம்களை எல்இடி டிவியில் ஆடலாம், சில திருத்தங்களோடு. டிவியில் கேம் மோடைப் போடுங்கள். படத்தை 4:3-க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மரியோ குண்டாகத் தெரிவார். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற வண்ண டிவி முறைகளின் அமைப்பு மாறியிருக்கிறது. ஒற்றை ஏவி குழி உள்ள டிவிகளில் வயரின் பின் வரிசை கம்பெனிக்கு ஒரு மாதிரி, மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டு மெஷினைக் குறை சொல்லுங்கள். பிக்சர் டியூப் டிவியின் மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் உள்ளே தங்கும். அதற்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறோம்.

பழைய விருப்பங்கள்

ஆகஸ்ட் கூட்டத்தில் கான்ட்ராவா மரியோவா என்ற வழக்கு மறுபடி வந்தது, தீர்ப்பு வழக்கம்போல ஒத்திவைப்பு. பயனுள்ளவை சில பதிவாகின. கான்ட்ராவில் தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ அழுத்தினால் 30 லைஃப். இருவர் ஆடுவதென்றால் அதன்பின் செலக்டை அழுத்திவிட்டே ஸ்டார்ட். மூன்றாவது ஸ்டேஜான அருவியில் ஒருவர் முந்தி ஏறினால், கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். நம் கூட்டங்களில் நடந்த மனக்கசப்புகளில் பாதி இந்த அருவியால்தான். பின்னால் வருபவர் "ஏறலாம்" என்று சொன்ன பிறகே முன்னால் இருப்பவர் தாவ வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

மரியோவில் 3-1-இன் படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து லைஃப் சேர்ப்பவர்கள் 127-ஐத் தாண்டக் கூடாது. 128 ஆனால் மெஷின் அதை எதிர்மறை எண்ணாக எடுத்துக்கொள்ளும், அடுத்த சாவிலேயே ஆட்டம் முடியும். பேட்டில் சிட்டிக்கு இருவர் ஆட்டத்தில் அமைதியான ரசிகர் கூட்டம் இருக்கிறது: 35 ஸ்டேஜ், ஸ்டேஜுக்கு 20 எதிரி டாங்க். நம் தளமான கழுகுச் சின்னத்தைக் காப்பவர் ஒருவர், வேட்டைக்குப் போகிறவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளும் ஜோடிதான் தூரம் போகிறது. 9999999 கேம் என்று ஒட்டிய கேசட்டுகளையும் எண்ணிப் பார்த்தோம். பத்து இருபது கேம்களே வேறு வேறு பெயரில், வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இன்றைய பழக்கம்

உறுப்பினர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் ஆடுவது போனில்தான். பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு), லூடோ, செஸ். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வருகை, 2022 ஜூலையில் அதுவும் மறைந்து 2023 மே மாதம் திரும்பியது என்று அலைக்கழிந்தவர்கள், கையிலேயே இருக்கும் கேசட்டின் அருமையை இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். போனில் ஆடும்போது சார்ஜ் போடாதீர்கள். சூடு ஏறினால் போன் தன் வேகத்தைக் குறைக்கும், அதை நெட் கோளாறு என்று நினைத்து சிம் மாற்றியவர்கள் உண்டு. கவரைக் கழற்றி, கிராபிக்ஸை ஒரு படி இறக்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

பழைய கேம்களைப் போனில் ஆட ரெட்ரோஆர்க் செயலி நன்றாக இருக்கிறது. பழைய மெஷின்களைப் போல நடந்துகொள்ளும் இத்தகைய எமுலேட்டர் செயலிகளை ஆப்பிள் 2024-இல் அனுமதித்ததிலிருந்து ஐபோனிலும் கிடைக்கிறது. தொடுதிரையில் மரியோவின் தாவல் தவறுவது உங்கள் விரலின் குற்றமில்லை. பட்டனின் விளிம்பு கட்டைவிரலுக்குத் தெரியாது. புளூடூத்தைவிட வயர் உள்ள ரிமோட் தாமதம் குறைவு. அப்படியும் மந்தமாக இருந்தால் படத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத் தாமதத்தைக் குறைக்கும் ரன் அஹெட் வசதியில் 1 ஃபிரேம் வையுங்கள், அதற்கு மேல் வைத்தால் உருவங்கள் துள்ளும்.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. இ-ஸ்போர்ட்ஸ் அதில் தனியாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. என்றாலும் நம் போன் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணமோ ரொக்கப் பரிசோ வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. கோப்பை போதும்.

கணக்கு

சந்தா ரூ.13,800, நன்கொடை ரூ.4,500, சென்ற ஆண்டு இருப்பு ரூ.2,415. செலவு: அறை வாடகை ரூ.6,600, உதிரிபாகம் ரூ.5,240, தேநீர் ரூ.3,300. கையிருப்பு ரூ.5,575. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

வரும் ஆண்டில் நல்ல சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று வாங்கவும், ஒவ்வொரு அடாப்டரிலும் வோல்ட்டும் துருவமும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். மேசையிலிருந்து இரவல் போன நடு நெகட்டிவ் அடாப்டர்கள் இரண்டு இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் அடுத்த ஞாயிறு கொண்டுவந்துவிடவும். அதுவரை தயவுசெய்து அவற்றை வீட்டு ரவுட்டரில் செருகிப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்