தீயில் எல்லாம் போய்விடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினர் தங்கள் பூர்வீகத்தைத் தேடிச் செல்வது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் கொடுமையை நெஞ்சில் பதியும்படி எழுதியிருந்த கட்டுரையாளர், 1922ஆம் ஆண்டு டப்ளினில் மூண்ட தீயில் அயர்லாந்தின் ஆவணங்கள் யாவும் அழிந்துவிட்டதால் இந்தத் தேடல் பெரும்பாலும் வீண் முயற்சிதான் என்று முடித்திருந்தது எனக்கு வருத்தமளித்தது. பாஸ்டன் நகருக்கு அருகில் இருபது ஆண்டுகளாக வசிப்பவள் நான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடிய நான்கு ஆண்டுகளும் அவருக்குத் துணையாக இருந்தவள். அந்த அனுபவத்தைக் கொண்டு சில செய்திகளைத் திருத்திச் சொல்ல விரும்புகிறேன்.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் எனப்படும் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதியும், எண்ணற்ற உயில்களும், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த, புராட்டஸ்டன்ட் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளும் அன்று சாம்பலாயின. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அரசின் உத்தரவுப்படி அழிக்கப்பட்டுவிட்டன. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. எல்லாப் பழியையும் ஒரு நாள் தீயின் மேல் சுமத்துவது சரியாகாது. அதைவிட முக்கியமாக, பஞ்ச காலத்தில் கப்பலேறியவர்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் அந்தக் காப்பகத்துக்குப் போகவே இல்லை. அந்தந்தப் பங்கின் (ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தின்) கோயிலில்தான் இருந்தன. அவற்றின் நுண்படச் சுருள்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015ஆம் ஆண்டு இணையத்தில் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 1864 முதல் நாட்டில் நிகழ்ந்த எல்லாப் பிறப்பு, திருமணம், இறப்புகளுக்கும் அரசுப் பதிவு இருக்கிறது. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாகக் கிடைக்கின்றன. ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை நடந்த நில மதிப்பீட்டில், எந்தத் துண்டு நிலத்தை யார் வைத்திருந்தார், அதை அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் யார் என்பது நாடு முழுவதற்கும் எழுதப்பட்டிருக்கிறது.

எரிந்துபோன கணக்கெடுப்பிலிருந்தும் சில வரிகள் தப்பியிருக்கின்றன என்பதை அறிந்தபோது நான் நெகிழ்ந்துபோனேன். 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் எழுபது வயதானவர்களுக்கு உதவித்தொகை அளித்தது. அவர்கள் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவே கிடையாது என்பதால், 1841, 1851 கணக்கெடுப்புகளில் அவர்களுடைய பெயரைத் தேடிப் பார்த்து வயதை உறுதிசெய்தார்கள். அந்தத் தேடுதல் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. ஏழை முதியவர் ஒருவர் கேட்ட ஓய்வூதியத்தால் ஒரு குடும்பத்தின் பெயர்ப் பட்டியல் தீக்குத் தப்பியிருக்கிறது.

தேடுகிறவர்களை உண்மையில் தடுத்து நிறுத்துவது ஊர்ப்பெயர்தான். அயர்லாந்தில் டவுன்லேண்ட் எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவுகள் அறுபதாயிரத்துக்கும் மேல் உள்ளன. ஒரே பெயர் பல கவுண்டிகளில் (நம் மாவட்டங்களைப் போன்றவை) வரும். ஒரே குடும்பப் பெயருடையவர்கள் ஒரு பங்கில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். பங்கின் பெயராவது தெரியாமல் அந்தப் பதிவேடுகளைத் திறந்து பயனில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாள்களிலோ பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்ற ஒற்றைச் சொல்லே இருக்கும். ஆகவே முதலில் துருவ வேண்டியது அமெரிக்க ஆவணங்களைத்தான். கடல் கடப்பது அதற்குப் பிறகு. தங்கள் கட்டுரையில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது.

அமெரிக்காவில் ஊர்ப்பெயர் எங்கே கிடைக்கும்? பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' என்ற கத்தோலிக்க இதழ், காணாமற்போன உற்றாரைத் தேடும் விளம்பரங்களை 1831 முதல் 1921 வரை வெளியிட்டது. கணவனைத் தேடும் மனைவியும் தம்பியைத் தேடும் அக்காவும், இன்ன கவுண்டி, இன்ன பங்கு, இன்ன ஆண்டு கப்பலேறியவர் என்று அதில் அடையாளம் சொன்னார்கள். நியூயார்க்கில் 1850இல் தொடங்கப்பட்ட எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி, எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர்களைப் பிறகு அடையாளம் காண்பதற்காகப் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தார், வந்த கப்பல் ஆகியவற்றைக் கேட்டுப் பேரேட்டில் குறித்துக்கொண்டது. வங்கி தன் பாதுகாப்புக்காகச் செய்த அந்தக் காரியம் இன்று பல குடும்பங்களுக்குப் புதையலாகியிருக்கிறது. குடியுரிமைத் தாள்களை நம்பிப் போவோர், 1906க்கு முந்தையவற்றில் பிறந்த ஊரை எதிர்பார்க்க வேண்டாம். பெண்கள் 1922 வரை பெரும்பாலும் கணவரின் வழியாகவே குடியுரிமை பெற்றதால், அவர்களுக்குத் தனித் தாளே இராது.

என் அண்டை வீட்டாரின் குடும்பத்தில், பூர்வீகம் கார்க் கவுண்டி என்றே மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கார்க் பதிவேடுகளில் தேடிச் சலித்தோம். கடைசியில், யாரும் பொருட்படுத்தாத கொள்ளுத்தாத்தாவின் தங்கையின் கல்லறையில், கிளேர் கவுண்டி என்ற சொற்களும் ஒரு பங்கின் பெயரும் பாசி மூடிக் கிடந்தன. கப்பலேறிய துறைமுகத்தின் பெயரே ஊர்ப்பெயராகக் குடும்ப நினைவில் நின்றுவிட்டிருந்தது. அந்தப் பங்கின் பதிவேட்டில் ஜேம்ஸ் என்பவர் இலத்தீனில் 'யாக்கோபுஸ்' என்றும், வில்லியம் 'குலியெல்முஸ்' என்றும் இருந்தார்கள். திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோராகக் குறிக்கப்பட்டிருந்த இருவரின் பெயரை மாசசூசெட்ஸ் கணக்கெடுப்பில் அதே குடும்பத்தின் அடுத்த வீட்டில் முன்பே பார்த்திருந்ததால்தான், இது இவர்களுடைய குடும்பமே என்று உறுதிசெய்ய முடிந்தது. நேர் முன்னோரை மட்டும் பின்தொடராமல், உடன்பிறந்தாரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்தே தேட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இன்னொரு பிழையையும் சுட்ட வேண்டும். பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்துப் பதிவுசெய்த எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் அவர்களுடைய பெயரை மாற்றிவிட்டதாகக் கட்டுரை சொல்கிறது. பஞ்சம் 1845 முதல் 1852 வரை நீடித்தது. எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டதோ 1892 ஜனவரி 1 அன்று. அவர்களில் பலர் கனடாவின் கியூபெக் அருகே கிராஸ் ஈல் தீவில் இறங்கி, அங்கிருந்து எல்லை கடந்து அமெரிக்கா வந்தவர்கள். 1847இல் மட்டும் அத்தீவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள். எல்லிஸ் தீவு அதிகாரிகளும் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதப்பட்ட பயணிகள் பட்டியலை வைத்தே சரிபார்த்தார்கள். குடும்பப் பெயர்களிலிருந்து 'ஓ', 'மக்' ஆகிய முன்னொட்டுகள் உதிர்ந்தது பெரும்பாலும் அயர்லாந்திலேயே நிகழ்ந்தது. அத்தீவில் முதலில் பதிவான கார்க் பெண் ஆனி மூர் டெக்சாஸுக்குப் போய் வாழ்ந்ததாகப் பல்லாண்டுகள் எல்லாரும் நம்பினார்கள். அந்த டெக்சாஸ் பெண் இல்லினாயில் பிறந்த வேறொரு ஆனி மூர் என்பதும், உண்மையானவர் நியூயார்க்கிலேயே வாழ்ந்து 1924இல் இறந்தார் என்பதும் 2006இல்தான் ஆவணங்களால் நிறுவப்பட்டன. இவ்வளவு புகழ்பெற்ற ஒருவர் விஷயத்திலேயே பெயர் ஒற்றுமை ஏமாற்றியது என்றால், எளிய குடும்பங்கள் ஒவ்வொரு தாளையும் இருமுறை சரிபார்ப்பது எவ்வளவு அவசியம்!

இத்தேடலைத் தொடங்க நினைத்து, அக்கட்டுரையைப் படித்துக் கைவிட்டவர்கள் தங்கள் வாசகர்களிடையே இருக்கக்கூடும். ஐரிஷ் குடும்பங்களில் மணம் புரிந்துகொண்ட தமிழர்கள் எங்கள் பகுதியிலேயே பலர் உண்டு. அவர்களுக்காக, கத்தோலிக்கப் பதிவேடுகளும் 1901, 1911 கணக்கெடுப்புகளும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன என்பதையாவது வரும் ஞாயிறு இதழில் ஒரு திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மாசசூசெட்ஸ், அமெரிக்கா