வளையல் கழற்றிய கைக்கு

மகளுக்கு இன்றைக்குப் பதினொரு நாள். அன்றிரவு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அம்மா இப்போது எழுந்து நடக்கிறார், அது போதும்.

இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற தம்பிமார், காசு வாங்க மறுத்த ஓட்டோக்காரர், பத்திரகாளி கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், சரக்குக்கறி அனுப்பிய டீச்சர்மார், வாட்டில் நித்திரை முழித்த தாதி மிஸ்மார், எல்லோருக்கும் நன்றி. பெயர் விடுபட்டால் கோபிக்க வேண்டாம். இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் அக்கா, ராத்தா. போன வருடம் அவருடைய முருங்கை எங்கள் வளவுக்குள் சாய்ந்ததற்கு நான் வாய்க்கு வந்ததைப் பேசி, அப்புறம் ஆறேழு மாதம் முகம் பார்க்கவில்லை. அன்றிரவு என் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வந்தவர் அவர்தான். பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவர் வரலாம் என்றார்கள். அம்மாவால் முடியாது. இவர் கட்டாரில். "நான் வரட்டா தங்கச்சி?" என்றார் ராத்தா. வேறு ஆளில்லாததால்தான் தலையாட்டினேன், பொய் சொல்லக்கூடாது.

உள்ளே வந்ததும் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அபாயாப் பைக்குள் போட்டார். ஏனென்று அப்போது விளங்கவில்லை. பிரசவக் குத்து எழும்பும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் பிடித்தேன். மற்றக் கை என் இடுப்பு நாரியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தது. ஏழு மணித்தியாலம். "கத்தாதே" என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. மிஸ் நடக்கச் சொன்னபோது தோளைத் தந்தார். குத்து தணியும் நேரத்தில் கதை சொன்னார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி, மூத்தவள் வயிற்றில் இருக்க, அக்கரையில் நின்ற படகுப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) வரும்வரை கரையில் குந்தியிருந்த கதை.

"பக்கத்தில் யார் ராத்தா இருந்தது?"

"ஆருமில்லை. பாதைக்காரர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார், பாவம்."

ஏழாம் மாதத்தில் இவர் போனில் ஒன்று வாசித்துக் காட்டினார். தாய் விரும்பும் ஒருவர் பிரசவம் முடியும்வரை கூட நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததாம். அப்படித் துணை நின்றால் சிசேரியன் குறைகிறது, வலிக்கும் நேரம் சுருங்குகிறது என்று ஆய்வுகளும் உண்டாம். "ஆள் நின்றால் வலி குறையுமோ?" என்று சிரித்தேன். எனக்கு வலி துளியும் குறையவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் தனியாகச் சாகப்போகிறேன் என்ற நினைப்பு ஒருமுறையும் வரவில்லை. 'விரும்பும் ஒருவர்' என்ற சொல்லை இப்போது நினைத்தால் அந்த முருங்கைதான் கண்ணுக்குள் வருகிறது.

மூன்றாம் நாள் முருங்கையிலைச் சுண்டலோடு வந்தார். பிள்ளையை வாங்கும்போது சட்டைக்கை மேலே போனது. மணிக்கட்டு முழுக்க என் நகக்கீறல். வீட்டில் பூனை பிறாண்டியது என்று சொல்லி வைத்திருக்கிறாராம். அவர்களிடம் பூனையே இல்லை.

ராத்தாவின் மூத்தவளுக்குத் தை மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளை கத்துவதைப் பார்க்கத் தனக்கு ஏலாது என்கிறார். சரி, உள்ளே நான் போகிறேன், என் மகளை நீங்கள் வைத்திருங்கள். அவளை நகம் மட்டும் வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், ராத்தா.